டியூபா வாசித்தால் இவ்வளவு களைப்பு ஏன், அதைக் குறைக்க முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக டியூபா (பேண்டில் மிகக் கீழ்க்குரல் தரும் பெரிய பித்தளை ஊதுவாத்தியம்) வாசித்தீர்கள், அப்புறம் இருபது வருடம் தொடவில்லை. இப்போது நாற்பது வயதில் சமூக மன்ற பேண்டில் மறுபடி சேர்ந்திருக்கிறீர்கள். இரண்டு மணி நேர ஒத்திகை முடிவதற்குள் தலை சுற்றுகிறது, இடது தோள் கடுக்கிறது, கடைசி உருப்படி வரும்போது உதட்டில் ஒன்றும் மிச்சமில்லை. நுரையீரலை வலுப்படுத்த ஏதாவது கருவி வாங்க வேண்டுமா, இல்லை சின்ன டியூபாவுக்கோ, அதே குடும்பத்தில் இன்னும் சிறியதான யூபோனியத்துக்கோ மாறிவிடலாமா என்பது கேள்வி. ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள், டியூபாவுக்குப் பலம் வேண்டும், எனக்கு அது போய்விட்டது என்று. நான் சிங்கப்பூரில் பல வருடமாகப் பள்ளி பேண்டுகளில் கீழ்க்குரல் வாத்தியங்களைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், பெரியவர்கள் சிலருக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தத் தீர்ப்பு சரியில்லை. உங்கள் களைப்பில் பெரும்பகுதி வாசிப்பதால் வருவதில்லை, வாத்தியத்தைத் தூக்கிப் பிடிப்பதாலும், மூச்சின் அடிமட்டத்தைப் பிழிந்தெடுப்பதாலும் வருகிறது.

முதலில் இந்தக் காற்று விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் தடம் மாறுகிறார்கள். பி பிளாட் டியூபாவின் (பெயரில் உள்ள எழுத்து அதன் அடிப்படைச் சுருதியைக் குறிக்கும்) குழாயை நீட்டி வைத்தால் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் வரும். இவ்வளவு நீளக் குழாயைக் காற்றால் நிரப்ப வேண்டும் என்ற நினைப்பில் பிள்ளைகள் முகம் சிவக்க ஊதுவார்கள். குழாய் ஏற்கெனவே காற்றால் நிரம்பித்தான் இருக்கிறது. உங்கள் மூச்சு செய்ய வேண்டிய ஒரே வேலை உதட்டை அதிர வைப்பது. அந்த அதிர்வுதான் குழாய்க்குள் இருக்கும் காற்றுத் தம்பத்தை ஒலிக்க வைக்கிறது, ஒலி அந்த ஐந்தரை மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்குதான் ஆகும். நீங்கள் ஊதிய காற்று பெல் (குழாயின் விரிந்த வாய்) வழியாக வெளியே வருவது அதற்கெல்லாம் வெகுநேரம் கழித்து, ஆடி அசைந்து. ஆகவே தள்ளுவது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். டியூபா கேட்பது நிறையக் காற்று, குறைந்த அழுத்தம். ஓபோ என்ற மெல்லிய நாணல் வாத்தியத்துக்கு நேரெதிர்: அங்கே அழுத்தம் அதிகம், காற்று கொஞ்சம். டியூபாவில் கீழே போகப் போகக் காற்றின் அளவு கூடும், மேலே போகப் போக அழுத்தம் கூடும். கீழ் ஸ்வரங்களுக்கு வயிற்றைக் கல்லாக்கிக்கொண்டு ஊதுகிறவர் தேவையே இல்லாத ஒன்றுக்காக உழைக்கிறார்.

இதற்கு நம்பகமான சாட்சி ஆர்னல்ட் ஜேகப்ஸ். சிக்காகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை முதன்மை டியூபா வாசித்தவர், பித்தளை வாத்தியக்காரர்களுக்கு மூச்சு சொல்லிக்கொடுத்தவர்களில் அவரைவிடப் பெயர் பெற்றவர் இல்லை. அவருக்கு நுரையீரல் கொள்ளளவு குறைவு, ஆஸ்துமா வேறு. அப்படிப்பட்டவர் வாசித்தது யார்க் கம்பெனி செய்த ராட்சச சி டியூபா. யமஹா பிற்பாடு அதையே மாதிரியாக வைத்து ஒரு மாடல் செய்தது. சின்ன நுரையீரல், பெரிய வாத்தியம். மூச்சு குறைவாக இருந்ததால் அவர் அடிக்கடி மூச்சு எடுத்தார், எடுத்ததை வீணாக்காமல் வாசித்தார். அவர் வலியுறுத்தியதும் அதுதான், தசை முறுக்கைக் குறை, மனதுக்குள் ஒலியைக் கேள், காற்று ஓடட்டும்.

சரி, உங்கள் மூச்சுக்கு வருவோம். வளர்ந்த ஆண் ஒருவர் முழுதாக இழுத்து முழுதாக விட்டால் நான்கிலிருந்து ஐந்து லிட்டர் வரும், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. முப்பது வயதுக்கு அப்பால் வருடத்துக்கு இருபத்தைந்து முப்பது மில்லிலிட்டர் குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் உங்களுக்கு இதுவரை சில நூறு மில்லிலிட்டர் போயிருக்கலாம். ஒத்திகையைக் கெடுக்கும் அளவுக்கு அது பெரிய இழப்பு கிடையாது. பள்ளியில் உங்களுக்குப் பக்கத்தில் மூன்று டியூபா உட்கார்ந்திருந்திருக்கும், இப்போது அதே வேலையைச் செய்ய நீங்கள் ஒருவரோ இருவரோதான். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான்.

அந்த லிட்டர்கள் எல்லாம் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் முக்கியமான விஷயம். நெஞ்சு நிறைய இழுத்த பிறகு வெறுமனே தளர்த்தினாலே காற்று தானாக வெளியேறும், ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டதுபோல. நுரையீரலின் மீள்தன்மையே அந்த வேலையைச் செய்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் இந்த இலவசக் காற்று உண்டு, நடுத்தர ஒலியில் கீழ் ஸ்வரங்களுக்கு அதுவே பெருமளவு போதும். அதற்கு அப்புறம் மிச்சமிருப்பதை எடுக்க வயிற்றுத் தசையும் விலா இடைத் தசையும் அழுத்த வேண்டும், போகப் போகக் கடுமையாக. கடைசிச் சொட்டு வரை வாசித்துவிட்டு, மூச்சுத் திணறி, பாதி மூச்சை அள்ளிப் போட்டுக்கொண்டு அடுத்த வரியைத் தொடங்குகிறவர் ஒத்திகை முழுக்க அந்த விலை உயர்ந்த அடிமட்டத்திலேயே வாழ்கிறார். களைக்காமல் என்ன செய்வார்? ஆகவே விதி எளிது, தீர்வதற்கு முன்னால் நிரப்புங்கள். வரி முடிகிறதோ இல்லையோ, பாதிக்கு மேல் போய்விட்டது என்று தோன்றினால் மூச்சு எடுத்துவிடுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மிக மெல்லிய ஒலியில் நீண்ட ஸ்வரம் வரும் இடத்தில் உச்சி வரை நிரப்பினால் அந்தக் காற்றைப் பிடித்து நிறுத்தவே தனியாக உழைக்க வேண்டியிருக்கும், அங்கே முக்கால் மூச்சு போதும்.

எங்கே எடுப்பது என்பதை மேடையில் முடிவு செய்யக் கூடாது. வீட்டிலேயே பென்சிலால் ஒவ்வொரு மூச்சையும் தாளில் குறியுங்கள், கண்டக்டர் (பேண்டை நடத்துபவர்) காட்டும் இசைச் சொற்றொடரை மதித்து, ஆனால் உங்கள் உடம்புக்கு ஏற்றபடி. இன்னொரு டியூபா இருந்தால் அவருடன் பேசி மாற்றி மாற்றி எடுங்கள், இருவரும் பார் கோட்டிலேயே (தாளில் தாளச் சுற்றுகளைப் பிரிக்கும் கோடு) எடுக்காமல். நீங்கள் ஒருவர்தான் என்றால் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட வேண்டியிருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊம்-பா ஊம்-பா என்று போகும் மார்ச்சில் (அணிநடை இசையில்) முதல் அடியைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வரும் ஐந்தாம் ஸ்வரத்தை (பஞ்சமத்தை) விடலாம். ஒரே ஸ்வரம் நான்கு முறை வந்தால் நான்காவதை விடலாம். விட்டது யாருக்கும் தெரியாது. மூச்சுக்காக எல்லா ஸ்வரத்தையும் குட்டையாக்கி வெட்டினால்தான் தெரியும்.

மூச்சை இழுக்கும் விதத்திலும் வீண் உழைப்பு இருக்கிறது. ஸ்ஸ் என்று சீறும் சத்தம் வந்தால் எங்கோ அடைக்கிறீர்கள், தொண்டையோ, நாக்கோ, உதடோ. ஓ என்று வாயைக் குவித்து உள்ளே இழுங்கள், கனமான, ஆழமான சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பெருவிரல் தடிமனுள்ள ஒரு சின்ன பிவிசி குழாய்த் துண்டைப் பற்களுக்கு நடுவே வைத்து அதன் வழியாக நாலைந்து மூச்சு எடுத்துப் பாருங்கள், தொண்டை திறப்பது எப்படி இருக்கும் என்று உடம்புக்கு உடனே புரிந்துவிடும். காசு செலவில்லாத இந்தப் பயிற்சியைத்தான் என் மாணவர்களுக்கு முதலில் கொடுப்பேன்.

இழுத்த மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள். கண்டக்டர் கையைத் தூக்கியதும் மூச்சை இழுத்து, தொண்டையை மூடி, நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, அடி விழுந்ததும் வெடிப்பது என்ற பழக்கம் பெரியவர்களிடம் அதிகம். பாரமான பெட்டியைத் தூக்கும்போது உடம்பு தானாகச் செய்கிற பூட்டு அது. தூக்குவதற்கு உதவும், ஊதுவதற்குக் கெடுதல், முதல் ஸ்வரம் தாமதமாக வரும் அல்லது உடைந்து வரும், இரத்த அழுத்தமும் சட்டென்று ஏறி இறங்கும். தாளத்தோடு சேர்த்து இழுத்து, நிறுத்தாமல் திருப்பிவிட வேண்டும். இரண்டு எண்ணிக்கை உள்ளே, மூன்றாவதில் ஒலி, நடுவில் இடைவெளியே இருக்கக் கூடாது. இன்னொன்று, உதரவிதானத்தால் தள்ளு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கும் தசை, வெளியே தள்ளும் வேலை அதற்கு இல்லை. வயிற்றை எவ்வளவு தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் கருத்து வேறுபடும், பிரிட்டிஷ் பித்தளை பேண்டு வழியில் வந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்கள், மேல் ஸ்வரங்களுக்கு அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் கீழ் ஸ்வரங்களுக்கு இறுக்கம் தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தலைசுற்றல் இரண்டு வகை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உரத்த கீழ் ஸ்வரங்களை வாசித்து, பெரிய பெரிய மூச்சாக எடுத்து விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, கை விரல்கள் கூசும், தலை லேசாகும். ஆக்ஸிஜன் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் ஆழமாக இழுத்தால் இன்னும் மோசமாகும். வாத்தியத்தை இறக்கி வைத்து, ஒரு நிமிடம் சாதாரணமாக மூக்கால் மூச்சு விட்டால் சரியாகிவிடும். ஓய்வு வரும் பார்களில் வேண்டுமென்றே மெல்ல மூச்சு விடப் பழகினாலே பாதிப் பிரச்சினை தீரும். இன்னொரு வகை, மேல் ஸ்வரத்தை அழுத்திப் பிடிக்கும்போது கண் முன்னால் இருட்டிக்கொண்டு வருவது. நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் வருகிறது அது, அங்கே மேலே சொன்ன பூட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் விவரத்தைப் படித்தால் முதல் வகைபோலத் தெரிகிறது.

இப்போது தோள். ஒரு முழு அளவு பி பிளாட் டியூபா ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோ வரை இருக்கும். அதை மடியில் சாய்த்து, இடது கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தோள் கடுக்காமல் என்ன செய்யும், அதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. நான் வகுப்பில் செய்யச் சொல்வது, வாத்தியம் இல்லாமல் நாற்காலியின் முன்பாதியில் நிமிர்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, தோள் தளர்ந்து உட்காருங்கள். அந்த நிலை மாறாமல் யாராவது டியூபாவை உங்களிடம் கொண்டு வரட்டும். மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் முனை) உதட்டுக்கு வந்து சேர வேண்டும். பெரும்பாலும் வராது. குள்ளமானவர்களுக்கு மடியில் வைத்தால் மவுத்பீஸ் மூக்குக்கு வரும், கழுத்தை நீட்டித் தாடையைத் தூக்குவார்கள், அதோடு தொண்டை குறுகிவிடும். அவர்கள் தொடைகளுக்கு நடுவே நாற்காலி மேலேயே வைக்கலாம். உயரமானவர்களுக்கு மடியில் வைத்தாலும் தாழ்வாக இருக்கும், கூன் போட்டு வயிற்றை மடக்குவார்கள், மூச்சுக்கு இடமே இருக்காது. அவர்களுக்குத் தரையில் நிற்கும் உயரம் மாற்றக்கூடிய டியூபா ஸ்டாண்ட் வேண்டும். கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் மடித்த துண்டு போதும். எல்லா எடையும் ஸ்டாண்டிலோ நாற்காலியிலோ தொடையிலோ இறங்கிவிட வேண்டும். இடது கை சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும், வலது கட்டைவிரல் வளையத்தில் தொங்கக் கூடாது. கை தூக்கிக்கொண்டிருந்தால் உதட்டில் மவுத்பீஸ் அழுத்தமும் கூடும், கடைசி உருப்படியில் உதடு செத்துப்போவதற்கு அது பெரிய காரணம்.

ஒத்திகைக்கு வேலையிலிருந்து நேராக வருகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். வழியில் ஒரு தட்டு நாசி பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் உதரவிதானம் கீழே இறங்க இடம் இருக்காது. லேசாகச் சாப்பிட்டு, மிச்சத்தை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாத்தியம். சமூக மன்ற பேண்டுகளில் இருக்கும் டியூபாக்கள் பலவும் பலர் கை மாறி வந்தவை, கசியும் டியூபாவை யார் வாசித்தாலும் களைப்புதான். ஒரு சுலபமான சோதனை இருக்கிறது, பிஸ்டன் வால்வுக்கு (விரலால் அழுத்தினால் மேலும் கீழும் ஓடும் வகை) மட்டும். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (இழுத்து நீட்டக்கூடிய குழாய்த் துண்டை) கொஞ்சம் வெளியே இழுங்கள், சில விநாடி பொறுத்து வால்வை அழுத்துங்கள். டப் என்று சத்தம் வந்தால் அடைப்பு நன்றாக இருக்கிறது. வராவிட்டால் வால்வோ ஸ்லைடோ கசிகிறது. கொஞ்சம் கெட்டியான வால்வு எண்ணெய் தற்காலிகமாக உதவும், நிரந்தரத் தீர்வு பழுது பார்ப்பவரிடம்தான். நீர் வெளியேற்றும் சாவியின் தக்கை தேய்ந்திருக்கிறதா பாருங்கள், சின்னச் செலவில் முடிகிற வேலை ஒரு வாத்தியத்தையே உயிர்ப்பிக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் லீட் பைப்புக்குள் (மவுத்பீஸ் பொருந்தும் முதல் குழாய்) பச்சையாக ஒரு படிவு சேரும், நெகிழ்வான பிரஷ்ஷை விட்டுக் கழுவுங்கள், வெளியே வருவதைப் பார்த்தால் இனி மாதாமாதம் கழுவுவீர்கள்.

நான்காவது வால்வு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒன்றாம் மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கும் சி ஸ்வரம் எப்போதும் சுருதி கூடியே வரும், ஒன்று இரண்டு மூன்று சேர்ந்த பி நேச்சுரல் இன்னும் மோசம். அதை உதட்டால் இழுத்து இறக்குவதற்கு ஒவ்வொரு முறையும் உழைப்பு, ஒலியும் மங்கும். சி-க்கு நான்கு மட்டும், பி நேச்சுரலுக்கு இரண்டும் நான்கும். சுருதி சரியான இடத்தில் உட்கார்ந்தால் வாத்தியம் தானாக ஒலிக்கும், அதே சத்தத்துக்குக் காற்றும் குறைவாகச் செலவாகும்.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. பெல் மேலே பார்ப்பதால் உங்கள் ஒலி உங்களுக்குச் சரியாகக் கேட்காது, அதனால் கேட்கும் வரை ஊதுவீர்கள், அரங்கின் பின்வரிசையில் அது ஏற்கெனவே அதிகமாக இருக்கும். அடுத்த ஒத்திகையில் ஒரு கைப்பேசியைப் பின்னால் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். ஃபோர்ட்டே (உரக்க) என்று தாளில் இருக்கும் இடத்தில் கொஞ்சம் குறைத்து, தொடக்கத்தை மட்டும் துல்லியமாக வைத்து வாசித்துப் பாருங்கள். கண்டக்டர் கேட்கும் வரை கூட்ட வேண்டாம்.

நீங்கள் கேட்ட கருவிகளுக்கு வருகிறேன். மூச்சை எதிர்ப்புடன் இழுக்கும் கருவிகள் இழுக்கும் தசைகளை வலுப்படுத்தும், அது உண்மை. அதனால் டியூபா வாசிப்பது எளிதாகிவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, டியூபா கேட்பது எதிர்ப்பில்லாத பெரிய காற்று. ஊதினால் குழாய்க்குள் பந்து உயரும் கருவி வேறு விஷயம், காற்று ஓடுவது கண்ணுக்குத் தெரியும் என்பதால் பாடம் நடத்தப் பயன்படும், ஜேகப்ஸ்கூட இந்த மாதிரி கருவிகளை அதற்காகத்தான் வைத்திருந்தார். மவுத்பீஸ் மட்டும் வைத்து ரீங்கரிப்பதில் ஒரு சாரார் உயிரையே விடுவார்கள், இன்னொரு சாரார் தொடவே மாட்டார்கள். காது கூர்மைக்கு ஐந்து நிமிடம் செய்யலாம் என்பது என் கட்சி, அதற்கு மேல் உதடு வீணாகக் களைக்கும். பிராணாயாமம் செய்யலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம், விலா அசையும், மனம் அடங்கும், நல்லதுதான். ஆனால் ஒத்திகைக்கு முன்னால் கபாலபாதி (வேகவேகமாக மூச்சை வெளித்தள்ளும் பயிற்சி) மட்டும் வேண்டாம், தலைசுற்றலை முன்பணமாகக் கட்டுவதாகிவிடும்.

மாறுவது பற்றி. ஈ பிளாட் டியூபாவின் குழாய் ஏறத்தாழ நான்கு மீட்டர், எடை குறைவு, பிடிக்க எளிது, அதனால் தோளுக்கு நிச்சயம் லாபம். காற்றில் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு மிச்சம் ஆகாது, அதே கீழ் ஸ்வரத்தை அதே சத்தத்தில் வாசிக்க உதடு கேட்கும் காற்று பெரிதாக மாறப்போவதில்லை. விரல் வைப்பையும் புதிதாகப் பழக வேண்டும். காம்பன்சேட்டிங் மாடல் (சுருதியைச் சரிசெய்யக் கூடுதல் குழாய் உள்ளது) என்றால் நான்காவது வால்வை அழுத்தியதும் குழாய் சுற்றிச் சுற்றிப் போவதால் கொஞ்சம் அடைப்பதுபோல இருக்கும், வாங்குவதற்கு முன் அந்த ஸ்வரங்களை வாசித்துப் பாருங்கள். யூபோனியம் காற்று குறைவாகக் கேட்கும், உண்மைதான். ஆனால் அது வேறு வேலை, பேண்டில் பாதி மெட்டு உங்கள் தலையில் விழும், உதட்டுக்கு ஓய்வு குறையும். மவுத்பீஸை மாற்றுவது மலிவான சோதனை. உங்களுடையது ஆழமான, அகலமான ஹெல்லெபெர்க் வகை மவுத்பீஸ் என்றால் சற்றுக் குறுகலான பாக் 24ஏடபிள்யூ போன்ற ஒன்றை ஒரு வாரம் கடன் வாங்கிப் பாருங்கள். சிலருக்கு மூச்சு கொஞ்சம் நீளும், ஒலியின் கனம் கொஞ்சம் குறையும், அந்தப் பேரம் உங்களுக்குச் சரியா என்று உங்கள் காதுதான் சொல்ல வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. உட்கார்ந்து ஓய்வெடுத்தும் போகாத தலைசுற்றல், நெஞ்சு வலி, ஒரு முறையாவது மயங்கி விழுந்தது, தோள் வலி கைக்கு இறங்குவது, இதில் எது இருந்தாலும் அடுத்த ஒத்திகைக்கு முன்னால் பாலிகிளினிக் போய்விடுங்கள். கண்ணில் குளுக்கோமா, குடலிறக்கம், ஆஸ்துமா இருப்பவர்களும் இந்த வாத்தியம் வாசிப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், குறிப்பாக அழுத்தம் கேட்கும் மேல் ஸ்வரங்களைப் பற்றி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் ஸ்டாண்ட், அடுத்து பென்சில் குறிகள், அப்புறம் கசிவு சோதனை, இந்த வரிசையில் ஒரு மாதம் பார்ப்பேன். வீட்டுப் பயிற்சி இருபது நிமிடமாக இரண்டு துண்டு, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். பேண்டில் கொடுத்திருக்கும் டியூபாவின் மாடலையும், வால்வு மேலே இருக்கிறதா முன்பக்கம் இருக்கிறதா என்பதையும், உங்கள் உயரத்தையும் கீழே எழுதுங்கள், எந்த வகை ஸ்டாண்ட் பொருந்தும் என்று சொல்கிறேன். அதுவரைக்கும் எதையும் வாங்க வேண்டாம்.